பதினேழாம் மூட்டை

காளவாசல், மதுரை
10-3-2025

கொள்முதல் மேலாளர் அவர்களுக்கு,
தங்கரதி மசாலா, வாடிப்பட்டி சாலை.

அன்புடையீர்,

வணக்கம். கள்ளிக்குடி, திருமங்கலம் பக்கத்துக் கரிசல் காட்டில் விளைந்த சம்பா மிளகாய் வத்தல் அறுபது மூட்டை, காளவாசலில் என் கிட்டங்கியில் இருக்கிறது. பதினான்கு விவசாயிகளுடையது. நான் வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்தவள் அல்ல. இருபத்து நான்கு ஆண்டுகள் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்துவிட்டு, விருப்ப ஓய்வு பெற்று, போன வருடம் இந்தத் தொழிலுக்கு வந்தேன். ஏன் வந்தேன் என்பது இந்தக் கடிதத்துக்குத் தேவையில்லாதது.

இத்துடன் இரண்டு கிலோ மாதிரி அனுப்பியிருக்கிறேன். அறுபது மூட்டையையும் பிரித்து, மேல், நடு, அடி என்று மூன்று இடத்திலும் கையை விட்டு எடுத்துக் கலந்தது. எதையும் பொறுக்கி நீக்கவில்லை. நூறு கிராமுக்கு ஏழு கிராம் வெளுத்த வத்தல், அதாவது சண்டு, இருக்கிறது. உங்கள் நிறுவனம் நூற்றுக்குப் பத்து வரை ஏற்றுக்கொள்ளும் என்று அறிந்தேன். மாதிரியில் ஒரு சிறு கல்லும் கொஞ்சம் சாக்கு நூலும் கிடக்கும். அவையும் தாமாகவே வந்தவை என்பதால் எடுத்துப் போடவில்லை.

வெயிலில் கிட்டங்கியில் கிடக்கக் கிடக்க வத்தலின் நிறம் இறங்கும். வைகாசி முடிவதற்குள் விற்றுத் தருவதாக விவசாயிகளிடம் சொல்லியிருக்கிறேன். விரைவில் பதில் எதிர்பார்க்கிறேன். என் கைபேசி எண் உறையின் மேல் உள்ளது.

இப்படிக்கு,
வி. பிருந்தா

*

தங்கரதி மசாலா
14-3-2025

அம்மையீர்,

தங்கள் கடிதமும் சாம்பிளும் கிடைத்தன. சாம்பிள் தேறவில்லை. இத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது.

இவண்,
செ. செல்லத்தாய்
கொள்முதல் மேலாளர்

டீச்சருக்கு: மேலே இருப்பது ஆபீசில் டைப் அடித்தது. இது நான் கையால் எழுதுவது. வத்தலுக்குக் காம்பு கிள்ள வந்து, முப்பத்தோரு வருசத்தில் இந்த நாற்காலிக்கு ஏறி வந்தவள் நான். இத்தனை வருசத்தில் சாம்பிளில் கல்லையும் போட்டு, கல் கிடக்கிறது என்று கடிதமும் போட்ட ஆள் நீங்கள் ஒருத்தர்தான். காம்பு கிள்ளுகிற பெண்பிள்ளைகளெல்லாம் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். "ஏக்கா, இது சாம்பிளா, இல்ல தரையக் கூட்டி அள்ளுனதா?" என்று ஒருத்தி கேட்டாள்.

பெண் பார்க்க வருகிற அன்றைக்கு யாராவது எண்ணெய் வழிய வந்து நிற்பார்களா? சாம்பிள் என்றால் பொறுக்கித்தான் அனுப்புவார்கள். அது எங்களுக்கும் தெரியும். அதனால் நாங்கள் சண்டு அளவை நாலால் பெருக்கிக்கொள்வோம். சாம்பிளில் ரெண்டு இருந்தால் மூட்டையில் எட்டு. உங்கள் சாம்பிளில் ஏழு. நாலேழு இருபத்தெட்டு. பத்துக்கு மேல் போனால் முதலாளி கையால் தொட மாட்டார்.

போன் நம்பர் கொடுத்திருந்தீர்கள். முதலாளி போன் பேச்சை நம்பி ஒரு தடவை ஏமாந்தவர். அதிலிருந்து எங்களுக்கு எல்லாமே காகிதம்தான். எங்கள் லாரி டிரைவர் பேயாண்டி வாரத்தில் மூன்று நாள் காளவாசல் வழியாக வருவார். எதுவானாலும் எழுதி அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

செல்லத்தாய்

*

காளவாசல்
17-3-2025

அன்புடையீர்,

வணக்கம். கல்லையும் மறக்காமல் திருப்பி அனுப்பியதற்கு நன்றி.

மாதிரியில் ஏழு என்றால் மூட்டையிலும் ஏழு. அரை கூடலாம், அரை குறையலாம். அதற்கு மேல் போகாதபடிதான் மூன்று நாள் உட்கார்ந்து அறுபது மூட்டையிலும் கைவிட்டு எடுத்தேன். பொறுக்கி அனுப்புகிறவர்களுக்காக நீங்கள் ஒரு தண்டனை வைத்திருக்கிறீர்கள். நல்லது. பொறுக்காதவளுக்கும் அதே தண்டனையைத் தருவது என்ன முறை?

இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்த 'நான்கு' எங்கிருந்து வந்தது? யாராவது எண்ணிப் பார்த்தீர்களா? மூன்றரையாகவோ ஐந்தாகவோ ஏன் இல்லை? குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. ஒரு எண்ணைப் பார்த்தால் அது பிறந்த இடத்தைக் கேட்பது என் பழக்கம்.

இப்படிக்கு,
பிருந்தா

*

தங்கரதி மசாலா
24-3-2025

மதிப்புக்குரிய டீச்சர்,

நலமா? உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவைதான் நீங்கள் திட்டியிருக்கிறீர்கள் என்று புரிந்தது.

நாலு எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்கள். எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்த பீமாராவ் சார் சொன்னது. அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது. நாங்கள் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்னை மறுபடியும் காம்பு கிள்ள அனுப்பியிருப்பார்.

நான் சொல்வதைக் கேளுங்கள். ஊரோடு ஒத்துப்போய்ப் பொறுக்கியே அனுப்பிவிடுங்கள். நீங்கள் குறைத்துக் காட்டுவீர்கள், நான் கூட்டிக்கொள்வேன். கடைசியில் ரெண்டு பேரும் உண்மையில் வந்து நிற்போம். இதில் யாருக்கும் பாவமில்லை. வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது, வத்தல் யாருக்காகவும் காத்திருக்காது.

பேயாண்டி ஒரு விஷயம் சொன்னார். "டீச்சரு ரெண்டு கையும் எரியிதுன்னு மோருல முக்கிக்கிட்டு உக்காந்துருக்காக. நான் போனதும் எந்திரிச்சு வணக்கம் சொன்னாக. மேசையெல்லாம் மோரு." மூட்டைக்குள் முழங்கை வரை விட்டால் எரியாமல் என்ன செய்யும்? மோர் உதவாது. தேங்காய் எண்ணெயை அழுத்தித் தேய்த்து, துணியால் துடைத்துவிட்டு, பிறகு சோப்புப் போடுங்கள். அதுவரை கண்ணைத் தொடாதீர்கள்.

அன்புடன்,
செல்லத்தாய்

*

கே.கே. நகர், மதுரை
2-4-2025

அன்புள்ள செல்லத்தாய் அவர்களுக்கு,

தேங்காய் எண்ணெய் வேலை செய்தது. நன்றி. முதலில் வலக்கையில் மட்டும் தடவிப் பார்த்து, வித்தியாசம் தெரிந்த பிறகே இடக்கையிலும் தடவினேன்.

உங்கள் ஆலோசனையை யோசித்தேன். நீங்கள் நாலால் பெருக்குவீர்கள். உங்களுக்கு ஏழு என்று புரிய வேண்டுமானால் நான் ஒன்றே முக்கால் என்று காட்ட வேண்டும். அதன்படி இரண்டு கிலோ மாதிரியில் சரியாக முப்பத்தைந்து கிராம் சண்டு மட்டும் இருக்கும்படி வைத்து, மிச்சச் சண்டு வத்தலையெல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டு அனுப்பியிருக்கிறேன். கல்லையும் எடுத்துவிட்டேன். அது என் மேசையில் இருக்கிறது.

பொறுக்கும் வேலையை வீட்டில் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டது பிழை. முதலில் என் கணவர் விஸ்வநாத் தும்மினார். பிறகு எதிர்வீடு. பிறகு மூன்றாம் மாடி. குடியிருப்போர் சங்கச் செயலாளர் ராஜாராமன் மூக்கில் கைக்குட்டையோடு வந்து, "மேடம், இந்த வாரம் என்ன, வத்தலா மல்லியா? வத்தல்னா முன்னாடியே சொல்லிடுங்கோ, நாங்க அழகர்கோயில் போயிட்டு வந்துடறோம்" என்றார். அவர் கேலி செய்தாரா, உண்மையாகவே கேட்டாரா என்று தெரியவில்லை. உண்மையாகவே கேட்டதாக எடுத்துக்கொண்டு, வியாழக்கிழமை என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
பிருந்தா

இணைப்பு: பொய், இரண்டு கிலோ.

*

தங்கரதி மசாலா
9-4-2025

அன்புள்ள டீச்சர்,

நீங்கள் நல்லவர்தான். ஆனால் உங்களோடு தொழில் செய்ய முடியாது போலிருக்கிறதே!

சனிக்கிழமை முதலாளி கோப்பு பார்க்கிற நாள். காகிதம் ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டு வந்தவர், உங்கள் கடிதத்தில் கடைசி வரி வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"செல்லத்தாயி, பொய் ரெண்டு கிலோன்னு போட்டுருக்கே, என்னது இது?"

"சாம்பிளு மொதலாளி."

"இத எந்த ஃபைல்ல வைப்ப?"

"வந்த ஃபைல்லதான்."

"பொய்ய வாங்கிப் பத்திரமா ஃபைல் போட்டு வச்ச கம்பெனின்னு நாளைக்கு எவனாவது சொல்லவா? திருப்பி அனுப்பு."

ஆகவே இதுவும் தேறவில்லை. பொறுக்கியது என்று நீங்களே எழுதிக் கொடுத்ததை எப்படி வாங்குவது? எழுதாமல் அனுப்பியிருந்தால் அன்றைக்கே ஆர்டர் போட்டிருப்பேன் டீச்சர், சத்தியமாக. அந்த ஒரு வரியை எழுதாமல் இருக்க உங்களால் முடியவில்லை.

ஹரிஷங்கர் என்று ஒரு தம்பி இருக்கிறார். சப்ளையர். இஸ்திரி போட்ட சட்டை, கையில் சாம்பிள் டப்பா. ஒவ்வொரு வத்தலும் கல்யாணத்துக்கு வந்தது மாதிரி பளபளவென்று இருந்தது. நூற்றுக்கு ஒன்றுதான் சண்டு. அவரிடம் இருநூறு மூட்டை வாங்கிவிட்டோம். இன்னும் அறுபது, எழுபதுக்குத்தான் இடம் இருக்கிறது. அதுவும் நிறைந்துவிட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

உங்கள் கடிதத்தை வீட்டில் மருமகள் முத்துமீனாவிடம் படித்துக் காட்டினேன். "அத்தே, இந்த டீச்சரு மாதிரி வீட்டுல ஒருத்தரு இருந்தா, கொழம்பு நல்லாருக்குன்னு ஒருத்தரும் பேச்சுக்குக்கூடச் சொல்ல முடியாது" என்றாள். சொல்லிவிட்டு, அன்றைக்கு வைத்த குழம்பை நான் எப்படி என்று சொல்கிறேனோ என்று என் முகத்தையே பார்த்தாள். நான் என்ன சொல்வது?

அன்புடன்,
செல்லத்தாய்

*

காளவாசல்
28-4-2025

அன்புள்ள செல்லத்தாய் அவர்களுக்கு,

நேற்று விவசாயிகள் பதினான்கு பேரும் கிட்டங்கிக்கு வந்துவிட்டார்கள். கூட ஒரு கமிஷன் வியாபாரியும் வந்தார். அறுபது மூட்டையையும் அப்படியே தூக்கிக்கொள்கிறேன், சாம்பிளும் வேண்டாம் சண்டும் பார்க்க வேண்டாம் என்றார். அவர் சொன்ன விலை, நான் அவர்களுக்குச் சொல்லியிருந்ததில் பாதி.

கள்ளிக்குடி அழகுபாண்டிதான் எல்லாருக்குமாகப் பேசினார். "டீச்சரம்மா, தப்பா எடுத்துக்கிறாதீக. எங்க வத்தலு நல்லாருக்குன்னு எழுதுவீகன்னுதான் ஒங்ககிட்டக் கொண்டாந்து எறக்குனோம். நீங்க அதுல கெடந்த கல்லப் பத்தி எழுதிருக்கீக."

"இருந்ததைத்தானே எழுதினேன்?"

"இருக்கத எழுதணும்னா அவுகளே வந்து பாத்துக்கிற மாட்டாகளா? அதுக்கு எதுக்கு டீச்சரு?"

இருபத்து நான்கு ஆண்டு வகுப்பறையில் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை.

வைகாசி கடைசி வரை பொறுத்திருக்க ஒப்புக்கொண்டார்கள். அதற்குள் முடியாவிட்டால் மூட்டைகள் அந்த வியாபாரிக்குப் போகும். அடுத்த வருடம் ஒருவரும் என்னிடம் ஒரு மூட்டைகூடத் தர மாட்டார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் தர மாட்டேன்.

இரண்டு வழி சொல்கிறேன். ஒன்று, நீங்களே ஒரு நாள் கிட்டங்கிக்கு வந்து எந்த மூட்டையை வேண்டுமானாலும் பிரித்துப் பாருங்கள். அது முடியாதென்றால், மூட்டைகளுக்கு 1 முதல் 60 வரை சாயத்தில் எண் போட்டிருக்கிறேன். நீங்கள் ஓர் எண்ணை எழுதி அனுப்புங்கள். அந்த மூட்டையை முழுதாக, வாய் தைத்தபடி, அப்படியே அனுப்புகிறேன். இம்முறை பொறுக்குவது நான் அல்ல, நீங்கள்.

இப்படிக்கு,
பிருந்தா

*

தங்கரதி மசாலா
5-5-2025

அன்புள்ள பிருந்தா டீச்சருக்கு,

நான் வர முடியாது. கொள்முதல் ஆட்கள் சப்ளையர் வீட்டுக்கோ கிட்டங்கிக்கோ போகக் கூடாது, அவர்கள் கையால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று இங்கே சட்டம். எல்லாம் பீமாராவ் சாரால் வந்தது. ஒரு சப்ளையர் வீட்டுக்குக் காப்பி சாப்பிடப் போனவர் மிக்ஸியோடு திரும்பி வந்தார். அந்த மிக்ஸியும் ரெண்டே மாதத்தில் புகைந்துவிட்டது, அது வேறு கதை.

மூட்டை எண் யோசனை எனக்குப் பிடித்தது. ஆனால் எந்த எண் என்று நானே சொன்னால், ஏன் அந்த எண் என்று நீங்கள் கேட்பீர்கள். அதனால் பிள்ளைகளை விட்டேன். ஒருத்தி தன் பஸ் நம்பரைச் சொன்னாள். ஒருத்தி மகன் பிறந்த தேதி. அப்புறம் சுபலட்சுமி என்கிற புதுப்பிள்ளையைக் கண்ணை மூடிக்கொண்டு சுவர்க் காலண்டரில் விரல் வைக்கச் சொன்னேன். அவள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வைத்தாள். பதினேழு.

பதினேழாம் மூட்டையை அனுப்புங்கள். முதலாளியிடமும் சொல்லிவிட்டேன். "இதாவது உண்மையா வருமா?" என்று கேட்டார். டீச்சரிடமிருந்து வேறு எதுவும் வராது, அதுதான் தொல்லை என்றேன்.

அன்புடன்,
செல்லத்தாய்

*

காளவாசல்
14-5-2025

அன்புள்ள செல்லத்தாய் அக்காவுக்கு,

அழகர் ஆற்றில் இறங்குகிற கூட்டத்தில் லாரி வர வழியில்லாமல் ஒரு வாரம் போய்விட்டது. அந்த ஒரு வாரம் இல்லாமலிருந்தால் நல்லது. யோசிக்க நேரம் கிடைத்துவிட்டது.

சுபலட்சுமியின் முறையைப் பற்றி ஒரு குறிப்பு. காலண்டரில் முப்பத்தொன்றோடு தேதி முடிந்துவிடுகிறது. ஆகவே 32 முதல் 60 வரையுள்ள மூட்டைகளுக்கு வாய்ப்பே தரப்படவில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பதிவு செய்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அறுபது மூட்டையையும் மார்ச்சிலேயே தனித்தனியாகப் பார்த்து, சண்டு எவ்வளவு என்று நிறுத்து எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பட்டியலும் இத்துடன் இருக்கிறது. சராசரி ஏழு. பெரும்பாலானவை ஐந்துக்கும் ஒன்பதுக்கும் இடையில் இருக்கும். ஒரே ஒரு மூட்டை மட்டும் முப்பத்தொன்று. அது பதினேழு.

அது அழகுபாண்டியின் மூட்டை. மாசியில் ஒரு நாள் எதிர்பாராமல் தூறல் விழுந்தபோது, களத்தில் காய்ந்துகொண்டிருந்த வத்தலுக்குப் போட வேண்டிய தார்ப்பாயைத் தம்முடைய புது பைக்குக்குப் போர்த்தியிருக்கிறார். பைக் நன்றாக இருக்கிறது.

பதினேழு என்று கேட்டதும் அவர் முகம் போன போக்கை எழுத முடியாது. பிறகு கிட்டங்கியைச் சுற்றி வந்தவர், பதினொன்றாம் மூட்டைக்கு முன்னால் நின்றார். அதில் சண்டு வெறும் இரண்டு.

"டீச்சரம்மா, இங்கன வந்து பாருங்க. ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணு. ரெண்டாவது ஒண்ணு மேல ஒரே ஒரு கோடு இழுத்தாப் பதினேழு. சாயம் நான் கொண்டாந்துருக்கேன்."

"அது பதினொன்று, அழகுபாண்டி."

"இப்பப் பதினொண்ணு. நான் இம்புட்டுப் போலத்தான் இழுக்கப்போறேன்."

லாரியைக் கொண்டுவந்து நிறுத்திய பேயாண்டியும், "நான் வேணா அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிறேன் டீச்சர்" என்றார்.

நான் உடனே மறுத்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். மறுக்கவில்லை. அந்த 11-ஐக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு கோடு. பதினான்கு பேரின் ஒரு வருட உழைப்பு அந்த ஒரு கோட்டில் இருந்தது. மூட்டையின் வத்தலும் உண்மையான வத்தல்தான். சராசரியும் மாறாது. வகுப்பில் ஒரு மாணவி இப்படி வாதாடியிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்தேன். பிறகு பதினேழை ஏற்றச் சொன்னேன்.

ஆகவே அக்கா, இது அறுபதில் ஆக மோசமான மூட்டை. உங்கள் துரதிர்ஷ்டம், அதைவிட என் துரதிர்ஷ்டம். இதிலிருந்து மற்ற மூட்டைகளைப் பற்றி முடிவுக்கு வரக் கூடாது என்று நான் சொன்னால், எல்லாச் சப்ளையரும் சொல்வதுபோலத்தான் இருக்கும். அதனால் சொல்லவில்லை. உங்கள் வழக்கப்படி பெருக்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பிருந்தா

*

தங்கரதி மசாலா
23-5-2025

அன்புள்ள பிருந்தா,

டீச்சர் என்று எழுதப் பேனாவை எடுத்தேன், இப்படித்தான் வந்தது. இருக்கட்டும்.

பேயாண்டி வந்ததுமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நீங்கள் எழுதாததையும். "டீச்சரு மூட்டைய ஏத்திவிட்டுட்டு வீட்டுக்குப் போயிருவாகன்னு பாத்தா, அவுகளும் வண்டியில ஏறிட்டாக. ஏன்னு கேட்டேன். வழியில அழகுபாண்டி பைக்குல சாயத்தோட வந்தாலும் வருவாரு, எனக்கே மனசு மாறுனாலும் மாறும்னாக. மூட்டை மேலயே உக்காந்து, சமயநல்லூரு வரைக்கும் தும்மிக்கிட்டே வந்தாக. கம்பெனி கேட்டு வாசல்ல எறங்கி, உள்ள வரமாட்டேன்னு பஸ் ஏறிப் போயிட்டாக." கேட் வரை வந்தவரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கச் சொல்ல எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

மூட்டையைத் தரையில் கொட்டி எட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்தேன். நானும் உட்கார்ந்தேன். பதினாலு வருசமாயிற்று நான் தரையில் உட்கார்ந்து பொறுக்கி. முட்டி ரெண்டும் கத்தியது. சண்டு வத்தலைத் தனியாக நிறுத்துப் பார்த்தோம். நூற்றுக்கு முப்பத்தொன்று. நீங்கள் எழுதிய அதே முப்பத்தொன்று.

பழக்க தோஷம், கை தானாக நாலால் பெருக்கியது. நூற்றி இருபத்து நாலு வந்தது. தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று மறுபடி போட்டேன். மறுபடியும் நூற்றி இருபத்து நாலு. காகிதத்தை முதலாளியிடம் கொண்டுபோனேன்.

"நூறு கிலோ வத்தல்ல நூத்தி இருவத்தி நாலு கிலோ சண்டா?"

"கணக்கு அப்படித்தான் வருது மொதலாளி."

"மிச்சம் இருவத்தி நாலு கிலோ யாரு வீட்டுச் சண்டு?"

நாலு எங்கே பிறந்தது என்று நீங்கள் கேட்டது அப்போதுதான் உறைத்தது. முப்பத்தோரு வருசமாக ஒரு தடவைகூட நான் எண்ணிப் பார்க்கவில்லை, பிருந்தா. மிக்ஸி வாங்கிய மனுசன் சொன்ன எண்ணைக் கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

உடனே ஹரிஷங்கர் தம்பியின் இருநூறில் நாலு மூட்டையை இறக்கிக் கொட்டச் சொன்னேன். சாம்பிளில் ஒன்று. என் கணக்குப்படி மூட்டையில் நாலு இருக்க வேண்டும். பத்தொன்பது இருந்தது. அடியில் கல்யாண வீட்டு வத்தல் ஒன்றையும் காணோம்.

அன்றைக்கே, காகிதம்கூட எழுதாமல், பேயாண்டியைத் திருப்பி அனுப்பி 34, 45, 58 மூன்று மூட்டையையும் எடுத்துவரச் சொன்னேன். முப்பத்தொன்றுக்கு மேற்பட்டவர்களுக்கும் வாய்ப்புக் கொடுக்க வேண்டுமே. உங்கள் பட்டியலில் ஆறு, எட்டு, ஐந்து என்று இருந்தது. எண்ணினோம். ஆறு, எட்டு, ஐந்து. எட்டு என்று சொன்னபோது முதலாளி, "இந்தம்மா நமக்குப் பரீட்சை வச்சுட்டாக" என்றார்.

ஐம்பத்தொன்பது மூட்டைக்கும் ஆர்டர் இத்துடன் இருக்கிறது, முதலாளி கையெழுத்தோடு. பேயாண்டி நாளை காலை லாரியோடு வருவார். ஹரிஷங்கர் தம்பியின் மிச்ச மூட்டைகள் திரும்பிப் போகின்றன. இனி எல்லாச் சப்ளையரும் மூட்டைக்கு எண் போட வேண்டும், எண்ணை நாங்கள் சொல்வோம் என்று சட்டம் வந்துவிட்டது. "அக்கா, எந்த நம்பருன்னு மொதல்லயே சொல்லிட்டீங்கன்னா வசதியா இருக்கும்" என்று அந்தத் தம்பி கேட்கிறார். சுபலட்சுமிக்கு இப்போது ஒரே பெருமை. அறுபது வரை எண் போட்ட அட்டை ஒன்று செய்து சுவரில் மாட்டியிருக்கிறாள்.

பதினேழை மட்டும் வாங்க முடியாது. நல்லதையும் சண்டு வத்தலையும் தனித்தனிச் சாக்கில் கட்டித் திருப்பி அனுப்புகிறேன். பிள்ளைகள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பொறுக்கினார்கள், கூலி வேண்டாம் என்றுவிட்டார்கள். அழகுபாண்டியிடம் சொல்லுங்கள், தார்ப்பாய் வத்தலுக்குத்தான், பைக் நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம்.

எங்கள் மிளகாய்த்தூள் ஒரு கிலோ பாக்கெட் வைத்திருக்கிறேன். சப்ளையரிடம் வாங்கக் கூடாது என்றுதான் சட்டம், கொடுக்கக் கூடாது என்று இல்லை. எனக்குக் கூடப் பிறந்தவள் கிடையாது. இருந்தால் இப்படித்தான் உசிரை வாங்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்புடன், உங்கள் அக்கா
செல்லத்தாய்

*

கே.கே. நகர்
6-6-2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஐம்பத்தொன்பது மூட்டையும் உங்கள் கிட்டங்கியில் இறங்கிவிட்டதாகப் பேயாண்டி ரசீது கொண்டுவந்து கொடுத்தார். வைகாசி முடிய இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. விவசாயிகள் வந்து போனார்கள். அடுத்த வருடத்துக்குப் பதினெட்டுப் பேர் பெயர் எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். அழகுபாண்டி பதினேழில் தேறிய நல்ல வத்தலைத் தூக்கிக்கொண்டு, "அவுகளே ஒக்காந்து பொறுக்குனாகளா?" என்று நாலு தடவை கேட்டார். புதுத் தார்ப்பாய் வாங்கியிருக்கிறார். பைக்குக்குத் தனியாக ஒன்று.

மிளகாய்த்தூள் கிடைத்தது. நீங்கள் வருத்தப்படக் கூடாது. காளவாசல் கடையில் உங்கள் கம்பெனிப் பாக்கெட் ஒன்று வாங்கிவந்து, ஒரே அளவில் இரண்டு வெள்ளைத் தட்டில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நீங்கள் அனுப்பியதில் நிறமும் மணமும் தூக்கலாக இருக்கிறது. தட்டுகளை இடம் மாற்றி வைத்து விஸ்வநாத்திடமும் காட்டினேன். அவரும் தும்மிவிட்டு உங்களுடையதையே காட்டினார். எனக்கென்று பொறுக்கி எடுத்து அரைத்திருக்கிறீர்கள். முப்பத்தோரு வருடப் பழக்கம், உடனே போகாது. தூளை நாலால் வகுத்துக்கொண்டு சமைக்கிறேன்.

கடிதத்தின் கடைசியில் கூடப் பிறந்தவள் என்று எழுதியிருந்தீர்கள். அதை எதனாலும் வகுக்கவில்லை. அப்படியே வைத்துக்கொண்டேன்.

சப்ளையரிடமிருந்து நீங்கள் எதையும் வாங்கக் கூடாது. ஆனாலும் ஒரு பொருள் அனுப்புகிறேன். இது ஏற்கெனவே ஒரு முறை உங்கள் ஆபீசுக்கு வந்து, தேறாமல் திரும்பியது. பரவாயில்லையா என்று முதலாளியைக் கேட்டுக்கொள்ளுங்கள். விசிறிக் காற்றில் காகிதம் பறக்காமல் இருக்கும்.

அன்புடன்,
பிருந்தா

இணைப்பு: கல், ஒன்று. பொறுக்காதது.